மித்ரா செக்ஷனில் இருக்கிறாள்

கேட் கீப்பர் சுலோச்சனாவின் மகள் சங்கமித்ரா துள்ளுபலகையை மிதித்துக் கிளம்பி, ஜிம்னாஸ்டிக்ஸ் கட்டைக்கு வந்து சேர நான்கு விநாடி எடுத்துக்கொள்கிறாள் என்பதையும், அந்த நான்கு விநாடியும் அவள் பலகையிலும் இல்லை, கட்டையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்றிலும் இல்லை என்பதையும், செங்கரை ஜங்ஷன் ரயில்வே காலனியில் முதலில் கவனித்தவர் பிரிசில்லா மிஸ். பகலில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் காலனியின் மனமகிழ் மன்றமான இன்ஸ்டிடியூட்டின் ஹாலைத் திறந்து, ஒன்பது பெண் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவர், தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மூக்குக் கண்ணாடியை மாற்றினார். மாற்றிய கண்ணாடியிலும் நான்கு விநாடிதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே, வந்து நின்றவளின் முட்டி மடங்கியிருக்கிறதா, பாதம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஏற்றம் அப்படிப்பட்டது. பெண்கள் ஏறி நின்று ஆடும் அந்தக் கட்டை நெஞ்சுயரம், ஓர் உள்ளங்கை அகலம். மற்ற பிள்ளைகளெல்லாம் அதில் கையை ஊன்றித் தாவி ஏறுவார்கள், அல்லது காலை விரித்துத் தாண்டி உட்காருவார்கள், எப்படி ஏறினாலும் கட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். மித்ரா ஹாலின் கடைசிச் சுவரிலிருந்து ஓடி வருவாள், பலகைக்கு முன்னால் கைகளைத் தரையில் ஊன்றிச் சக்கரமடித்துத் திரும்புவாள், திரும்பினதும் கட்டை அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடும், பார்க்க முடியாத அந்தக் கட்டையை நோக்கிப் பலகையை மிதித்துப் பின்பக்கமாகவே எழும்பி, ஒரு கரணமும் அந்தக் கரணத்துக்குள்ளேயே ஒரு முழுச் சுற்றும் முடித்து, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பாதமும் பதிய வந்து நிற்பாள். உலகத்திலேயே வெகு சிலர்தான் இதைப் போட்டியில் செய்திருக்கிறார்கள் என்று மிஸ் சொன்னார். அந்த வெகு சிலருக்கும் நடுவில் நான்கு விநாடி ஆனதா என்று கேட்டதற்கு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார்.

வேறு ஊராக இருந்தால் பெண்ணுக்கு மந்திரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். நாங்கள் ரயில்வே ஜனங்கள். கிளம்பிய ஒன்று வந்து சேர நேரமாவது எங்களுக்கு அதிசயமே இல்லை, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வைக்காமல் இருப்பதுதான் எங்களால் தாங்க முடியாதது. ஆகவே விஷயம் காலனிக்குள் பரவிய மறுநாளே, இன்ஸ்டிடியூட்டின் செயலாளராகவும் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் குருமூர்த்தி ஹாலுக்கு வந்து, மித்ரா மூன்று முறை ஏறுவதைப் பார்த்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த மூன்றடி இடத்தைச் சுற்றி நடந்து, கடைசியில் தீர்ப்பு சொன்னார்.

"இது ஒரு செக்ஷன். வண்டி உள்ள இருக்கிறப்ப வெளிய இருந்து பார்த்தா தெரியாது. அவ்வளவுதான் விஷயம். முறைப்படி நடத்தினா ஒரு ஆபத்தும் இல்ல."

முறை என்றால், எங்கள் ஊருக்கு ஒற்றைப் பாதை மட்டும் இருந்த காலத்து முறை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். அந்த ஒரு வண்டிக்கு அடையாளம் டோக்கன் என்கிற இரும்பு உருண்டை. அது பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால் வண்டி செக்ஷனில் இருக்கிறது என்று அர்த்தம், அது திரும்பப் பெட்டிக்குள் விழுந்து மணியடிக்கும்வரை அந்தப் பாதையில் இன்னொரு வண்டியை யாரும் விடக் கூடாது. இரட்டைப் பாதை வந்தபின் ஸ்டோர் ரூமில் துருப்பிடித்துக் கிடந்த சிவப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஹாலின் மூலையில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர், புறப்பாடு, வருகை, கையெழுத்து. டோக்கனை வண்டியோடுதான் கொடுத்தனுப்ப வேண்டும், ஆனால் கையில் உருண்டையை வைத்துக்கொண்டு கரணம் போட முடியாது என்பதால், மித்ரா போய்விட்டு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை சுலோச்சனாவுக்கு வந்தது. பதினெட்டு வருஷமாக லெவல் கிராசிங் கேட்டை மூடிவிட்டு வண்டிக்காகக் காத்து நிற்பவள், அவளைவிட யாருக்குப் பொறுமை இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

முதல் நாள் ரிஜிஸ்டரில் ஒன்பது விநாடி என்று பதிவானது. அந்த வாரக் கடைசியில் நாற்பது. பொங்கலுக்கு முன் மூன்று நிமிடத்தைத் தொட்டது.

காலனி அதற்கேற்ப நடந்துகொண்டது. இன்ஸ்டிடியூட் வாசலில் இருந்த கரும்பலகையில், சீட்டாட்டப் போட்டி அறிவிப்புக்குக் கீழே, 'மித்ரா மூன்று நிமிடம் தாமதம், வருந்துகிறோம்' என்று யாரோ தினமும் எழுதினார்கள். கேன்டீன் வைத்திருந்த ரஹீம் பாய் அவள் ஓட ஆரம்பித்ததும் பாலை அடுப்பில் வைத்தால் அவள் வந்து நிற்கும்போது டீ தயாராக இருப்பதாகக் கண்டுபிடித்து, மூன்று நிமிடம் ஐந்தானபோது சம்சாவும் போட ஆரம்பித்தார். பெட்டிகளைக் கோர்த்துப் பிரிக்கும் ஷண்டிங் வேலையில் கணவனைப் பறிகொடுத்த கலாவதி ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, போகிற வழியில் அவரைப் பார்த்தால் கொடுத்துவிடும்படி மித்ராவிடம் கேட்டாள். மித்ராவுக்கு மறுக்கத் தெரியவில்லை, பிரிசில்லா மிஸ்தான் நடுவில் வந்து, அந்த வண்டியில் பார்சல் ஏற்ற அனுமதி இல்லை என்று தன் ஆபீஸ் குரலில் சொல்லிவிட்டு, பிறகு கலாவதியின் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

சுலோச்சனா மட்டும் டீ குடிக்கவில்லை. மகள் இல்லாத நிமிடங்களில் உருண்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருப்பாள். பதினோரு நிமிடம் ஆன அன்று வீட்டில் மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அங்க என்னடி இருக்கு?"

"எங்கம்மா?"

"போயிட்டு வர்றியே, அங்கதான்."

"நான் எங்க போறேன்? மிதிக்கிறேன், கட்டை வருது. நடுவுல நீங்கதான் எல்லாரும் டீ குடிச்சிடறீங்க."

"விளையாடாத. பதினோரு நிமிஷம். நாளைக்கு ஒரு மணி நேரம் ஆனா? ஒரு நாள் ஆனா?"

"ஒரு நாள் ஆனா எனக்கும் சேர்த்து நீங்களே சாப்பிட்டுடுங்க. இழுக்காதம்மா, வலிக்குது."

அதைவிட அவசரமான கவலை ஒன்று பிரிசில்லா மிஸ்ஸுக்கு இருந்தது. மாநில அணிக்கான தேர்வு அந்த வருஷம் செங்கரையில் நடப்பதாக முடிவாகியிருந்தது. கட்டையில் ஒருத்திக்குக் கிடைப்பது மொத்தம் தொண்ணூறு விநாடி, அவள் கால் பலகையை விட்ட கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். மிஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து ஒரு கணக்குக்கு வந்திருந்தார்: பெண் எவ்வளவு சுத்தமாகக் கிளம்புகிறாளோ அவ்வளவு நேரமாகிறது. ஆகவே தேர்வன்று அவள் கொஞ்சம் அசிங்கமாகக் கிளம்ப வேண்டும். முட்டியை மடக்கலாம், தோளைச் சாய்க்கலாம், மதிப்பெண் குறையும், ஆனால் வந்து சேருவாள். கை ஊன்றி ஏறும் சாதாரண ஏற்றத்துக்கு மாறிவிடலாமே என்று சுலோச்சனா கேட்டதும் மித்ரா ஷூவைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கு நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவராக வந்த அம்மாளிடம் குருமூர்த்தி செக்ஷன் விவகாரத்தை விளக்கினார். அந்த அம்மாள் தன் விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, காற்றில் தங்குவதற்குத் தடையும் இல்லை, தனி மதிப்பெண்ணும் இல்லை, ஆனால் நேரம் நேரம்தான் என்றார். அவருக்கு மூன்று ஐம்பது வண்டியில் டிக்கெட் இருந்தது.

கட்டைக்குக் கடைசி இரண்டு பேர் எங்கள் காலனிப் பெண்கள். முதலில் மித்ரா. அதற்குப் பிறகு பாயிண்ட்ஸ்மேன் தனபாலின் மகள் ஹேமலதா, மித்ராவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், பலகையை மிதித்து, கட்டையின் முனையில் கை ஊன்றி, உடம்பைத் தூக்கி மேலே கொண்டுவரும் எளிய ஏற்றம் அவளுடையது, ஆனால் கட்டையின் மேல் போய்விட்டால் மித்ராவைவிடப் பிசகில்லாமல் ஆடுவாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அவளுக்கு இதுதான் கடைசி.

பதினொன்று இருபதுக்குச் சுலோச்சனா பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்தாள். குருமூர்த்தி புறப்பாட்டை எழுதினார். பச்சைக் கொடி உயர்ந்தது. மித்ரா ஓடினாள், கைகளை ஊன்றிச் சக்கரமடித்தாள், பலகையை மிதித்தாள். எழும்பும்போது அவள் வலது முட்டி மடங்கியதை எல்லாரும் பார்த்தோம், இடது தோள் சாய்ந்ததையும் பார்த்தோம், இவ்வளவு அசிங்கமாக அவள் என்றைக்குமே கிளம்பியதில்லை, பிரிசில்லா மிஸ் நிம்மதியாக மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

தொண்ணூறு விநாடி போனது. ஐந்து நிமிடம், பதினோரு நிமிடம், அரை மணி. தலைமை நடுவர் மித்ராவின் பெயருக்கு நேரே எழுத வேண்டியதை எழுதி மூடிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஹேமா எழுந்தாள். குருமூர்த்தி பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மன்னிக்கணும் மேடம். செக்ஷன்ல வண்டி இருக்கு. இன்னொரு வண்டி விட முடியாது."

"கட்டை காலியாதானே சார் இருக்கு."

"காலியா தெரியுது. அது வேற. இந்தப் பொண்ணு கட்டை மேல நிக்கிறப்ப அந்தப் பொண்ணு வந்து இறங்கினா? உள்ளங்கை அகலம் மேடம். கழுத்து முறியும்."

ஹாலில் யாரும் அதை மறுக்கவில்லை. நடுவர்கள் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் முன்பே மற்ற போட்டிகளை நடத்தி முடித்தார்கள். கட்டைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. ரஹீம் பாய் முதல் ஒரு மணி நேரம் டீ போட்டார், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரமாக நின்றார். வாசலில் கரும்பலகையில் தாமத நேரத்தை எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு நேரத்தை அழித்துவிட்டு 'வருந்துகிறோம்' என்பதை மட்டும் விட்டுவைத்தார், பிறகு அதையும் அழித்தார். சுலோச்சனா யூனிஃபார்ம் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் டோக்கன், உருண்டையின் இரும்பு அவள் கைச்சூட்டில் சூடாகி, வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு அவள் கேட்டில் டியூட்டி ஏற்க வேண்டும். அவள் வரமாட்டாள் என்று யாரோ கேட்டுக்குப் போன் செய்து சொன்னார்கள்.

ஹேமாவின் அம்மா கனகவல்லி சுலோச்சனாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"உம் பொண்ணு வரட்டும்னுதான் நானும் வேண்டிக்கிட்டு இருக்கேன் சுலோச்சனா. சத்தியமா. ஆனா அந்தம்மா மூணு மணிக்குக் கிளம்பிடும். எம் பொண்ணுக்கு வேற வருஷம் கிடையாது."

"தெரியுது கனகா."

"உன்ன டோக்கனைப் போடச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். மோதிக்கிட்டா ரெண்டும் போயிடும். சும்மா சொல்றேன், மனசு கேக்கல."

சுலோச்சனா ரிஜிஸ்டரை வாங்கி மடியில் விரித்தாள், உருண்டைக்குப் பக்கத்தில். முட்டியை மடக்கிக் கிளம்பியும் வரவில்லை என்றால் மிஸ்ஸின் கணக்கு தப்பு. அப்படியானால் எந்தக் கணக்கு சரி என்று அவள் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். முதல் வரி ஒன்பது விநாடி. அதற்கு முன்னால் வரியே இல்லை.

"மிஸ், இந்த நோட்டு போடறதுக்கு முன்னாடி அவளுக்கு எவ்வளவு ஆகும்?"

"நாலு. மனசுக்குள்ள எண்ணுவேன்ல."

"எல்லா நாளும் நாலுதானா?"

"ரெண்டு மாசம். ஒரு நாள்கூட மாறல." சொல்லிவிட்டுப் பிரிசில்லா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

சுலோச்சனா எழுந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அவ சுத்தமா கிளம்புறதால நேரமாகல. நாம பிடிச்சு வச்சிருக்கோம். டோக்கன் வெளிய இருக்கிறவரைக்கும் வண்டி செக்ஷன்லதானே இருக்கும்? அது நாம போட்ட விதி. அவ அதுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறா. நான் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சேனோ அவ்வளவு நேரம் நின்னிருக்கா."

"இருக்கலாம்," என்றார் குருமூர்த்தி. "இல்லாமலும் இருக்கலாம். கடைசிப் பெட்டியோட பின்விளக்கைப் பார்க்காம வண்டி வந்துடுச்சுன்னு எழுதினா அதுக்குப் பேர் என்னன்னு உனக்குத் தெரியும். உம் பொண்ணு மட்டும் இல்லம்மா இதுல. தனபால் பொண்ணும் இருக்கு."

அவள் ஹேமாவைப் பார்த்தாள். ஹேமா காலையிலிருந்து போட்ட உடையோடு, உள்ளங்கையில் பூசிய வெள்ளைப் பொடி காய்ந்து உதிர, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். சுலோச்சனா ரிஜிஸ்டரில் தன் கையாலேயே எழுதினாள், கோணல் எழுத்தில், மணி இரண்டு நாற்பத்தொன்று, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதிய ஒரே பொய் அதுதான். டோக்கனைப் பெட்டிக்குள் போட்டாள். மணி ஒருமுறை அடித்தது.

கட்டையில் யாரும் இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், இருநூறு பேர், இமைக்காமல், மூன்று மணி நேரமாகப் பார்த்த அதே பார்வையில், அப்போதுதான் சுலோச்சனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உருண்டையைப் போட்டால் மட்டும் போதாது, கைதான் விட்டிருக்கிறது, மனசு இன்னும் விடவில்லை, பாதையை நிஜமாகவே இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். அவள் கட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"ஹேமா. வா."

"அத்தை, கட்டை காலியா?"

"காலி."

"நிஜமா சொல்லுங்க."

"காலிடி. ஓடு."

கனகவல்லி வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை. குருமூர்த்தி பலகைக்கு முன்னாலிருந்து நகர்ந்தார், அந்த நகர்தலுக்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தலைமை நடுவர் பச்சைக் கொடியைத் தூக்கினார். ஹேமா ஓடினாள், நாங்கள் முதல்முறையாக மித்ராவை மறந்து ஹேமாவுக்காகப் பயந்தோம், அவள் பலகையை மிதித்தாள், கைகள் கட்டையின் முனையில் ஊன்றின, உடம்பு மேலே எழும்பியது, அந்த நேரத்தில் கட்டையில் ஒரு கனம் வந்து இறங்கியதை அவள் உள்ளங்கைகள் எங்கள் கண்களைவிட முந்தி அறிந்துகொண்டன. அவள் முகத்திலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இரண்டு பாதங்கள். வலது முட்டி மடங்கியிருந்தது, இடது தோள் சாய்ந்திருந்தது. ஹேமா உடம்பை மேலே கொண்டுவந்து உட்கார்ந்திருக்கலாம், அதற்கான வேகம் அவளிடம் இருந்தது, ஆனால் அந்த வேகத்தில் கட்டை ஆடினால், சாய்ந்து நிற்கும் மித்ரா விழுவாள். ஹேமா கைகளை விட்டுவிட்டாள். பக்கவாட்டில் சரிந்து, மெத்தையின் விளிம்பில், இடது மணிக்கட்டின் மேல் விழுந்தாள்.

அந்த வருஷம் செங்கரையிலிருந்து யாரும் மாநில அணிக்குப் போகவில்லை. ஹேமாவின் கை ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது, மித்ராவின் பெயருக்கு நேரே எழுதியதைத் தலைமை நடுவர் மாற்றவில்லை, தான் எழுதிய வரியைச் சுலோச்சனா அடிக்கவில்லை, குருமூர்த்தி அந்த ரிஜிஸ்டரைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனவர் திரும்பக் கொண்டுவரவே இல்லை. இதெல்லாம் பிறகு.

அந்த நேரத்தில் சுலோச்சனா மணிச்சத்தம் கேட்டவள்போல் திரும்பினாள், ஓடினாள், கட்டையின் அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஹேமாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மேலே மித்ரா தோளை நேராக்கி, முட்டியை நிமிர்த்தி, நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் ஆடத் தொடங்கியிருந்தாள்.

"நிக்கிறாளா அத்தை?"

"நீ கைய ஆட்டாத."

"விழுந்துட்டாளான்னு பாருங்க."

சுலோச்சனா நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, வீங்க ஆரம்பித்திருந்த அந்த மெல்லிய மணிக்கட்டைச் சுற்றி, முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று கட்டிக்கொண்டே, தலைக்கு மேலே மரத்தில் ஒரு பாதம் விழுவதையும், நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருப்பதையும், பிறகு அடுத்த பாதம் விழுவதையும் கேட்டாள்.

"நடக்கிறாடி," என்றாள்.